பதினான்கு பொத்தான்கள்

நான் எதை எழுதினாலும் நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் எழுதுவேன். இது நல்ல பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் நான் வேலை செய்யும் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் அப்படிப் பழக்கிவிட்டார்கள். அங்கே தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு, முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை. வந்த புதிதில் அதெல்லாம் எங்களைக் காப்பாற்றுவதற்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, எங்கள் தோலிலிருந்து உதிர்வது எதுவும் சில்லின் மேல் விழாமல் சில்லைக் காப்பாற்றுவதற்குத்தான் அந்த உடுப்பு என்று மூன்றாம் நாள் சூப்பர்வைசர் சொன்னார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். காலை 8:50.

துணியைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. குருணில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் வடக்குப் பிராந்திய நெசவுப் புத்தாக்க நிலையம் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு. சேர்ந்துகொண்டேன். பெயர் வாசுகி, வயது இருபத்து மூன்று என்று படிவத்தில் எழுதினேன். "துணியோடு உங்கள் உறவு" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "அணிகிறேன்" என்று எழுதினேன். அது போதாது என்று திருப்பித் தந்தார்கள். "மதித்து அணிகிறேன்" என்று திருத்திக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வகுப்பும் துணி மரியாதையோடு தொடங்கும். பன்னிரண்டு மீட்டர் வெள்ளைத் துணி ஒன்றை மண்டபத்தின் நீளத்துக்கு விரிப்பார்கள். இருபத்திரண்டு மாணவர்களும் இரண்டு பக்கமும் நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாமதமாக வருகிறவர்கள் துணியைப் பிடிக்கக் கூடாது, அதிலிருந்து தொங்கும் நூலை மட்டும் பிடிக்கலாம். பிறகு உறுதிமொழி. "பிறந்தபோது என்னை ஏந்தியது துணி. போகும்போது என்னை மூடப்போவதும் துணி. இடைப்பட்ட காலத்தில் நான் துணிக்குக் கடமைப்பட்டவன்." எங்களில் பதினாறு பேர் பெண்கள். "கடமைப்பட்டவள் என்று சொல்லலாமா" என்று ஒருவர் கேட்டதற்கு, வாசகம் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்தத் துணியைத் துவைப்பதில்லை. துவைத்தால் அதன் நினைவு போய்விடுமாம். கீழே டயர் சூடாக்கும் புகையில் நான்கு வருடமாக அது பழுப்பேறியிருந்தது.

"இந்தத் துணிய ஒருவாட்டி தொட்டா ரெண்டுவாட்டி கை கழுவணும் லா," என்று என் பக்கத்தில் நிற்கும் லோகேஸ்வரன் முணுமுணுப்பான். குருணில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவன். எல்லாவற்றையும் கேலி செய்வான். அவனைப்போல் என்னால் இருக்க முடிவதில்லை. ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசினால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிடும்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் சிவரூபன். நன்றாகப் பேசுவார். முதல் நாள் பேச்சை முழுவதும் குறித்து வைத்திருக்கிறேன்.

"துணி என்பது என்ன? வானத்தில் அது பாரசூட். மருத்துவமனையில் அது செயற்கை இரத்தக் குழாய். சாலைக்கு அடியில் மண் சரியாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் துணி. வரும் வழியில் அதை மிதித்துக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்." நாங்கள் எல்லோரும் குனிந்து எங்கள் காலணியைப் பார்த்தோம். "இத்தனை பெரிய துணியின் வரலாற்றில் மனிதன் எங்கே வருகிறான்? மனிதன் என்பவன் துணியைத் தொங்கவிடுவதற்கு வசதியாக அமைந்த ஒரு கொடி. அவ்வளவுதான்."

மாலை 7:52. பக்கத்தில் "அழகு" என்று எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது மாதம், "உங்கள் வட்டாரத்தில் ஒரு துணிப் புத்தாக்கம்" என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். மற்றவர்கள் இணையத்தில் தேடினார்கள். நான் குடியிருக்கும் வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்குப் போனேன்.

அது இராசாத்தி அக்காவின் வீடு. புக்கிட் செலம்பாவுக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பதினோரு வருடமாகப் புல்லுமருந்து அடிக்கிறார். முதுகில் பதினாறு லிட்டர் பம்பு, கையில் குழாய். மரத்தைச் சுற்றியுள்ள புல்லைக் கொல்ல வேண்டும். அவர் சேர்ந்த வருடம் தோட்டத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஏப்ரன் கொடுத்தார்கள். அது கிழிந்ததும் வேறொன்று கேட்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டார்கள். எழுதிப் போட்டது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா தாமே ஓர் உடுப்பு தைத்துக்கொண்டார்.

அதில் பதினோரு துண்டுகள். முதுகுக்கு, உடைந்த குடைகளின் துணி மூன்று அடுக்கு. பம்பு கசிந்தாலும் மருந்து அதன்மேல் வழிந்து கீழே போய்விடும், உள்ளே இறங்காது. அதற்கு மேல் நெய்த பிளாஸ்டிக் அரிசிச் சாக்கு. கைகளுக்கு ஜீன்ஸ் காலை வெட்டி எடுத்தது. தொடைக்கு லாரி கென்வஸ். தலைக்கும் கழுத்துக்கும் யாரோ ஒரு பிள்ளை பள்ளியில் போட்டுக் கழித்த மஞ்சள் விளையாட்டுச் சட்டை. இந்தப் பதினோரு துண்டுகளையும் ஒரே ஒரு கயிறு கோத்துப் பிடித்திருந்தது. அதன் நுனி இடப்பக்க இடுப்பில் தொங்கும்.

"இத இழு," என்றார் அக்கா.

இழுத்தேன். மொத்த உடுப்பும் ஒரே நேரத்தில் காலடியில் விழுந்தது. அக்கா கைலியும் பனியனுமாக நின்று சிரித்தார். மறுபடி கட்டச் சொல்லி, மறுபடி இழுத்து நேரம் பார்த்தேன். இரண்டு விநாடி.

ஆறு வருடத்துக்கு முன்பு நளினி என்ற கூட்டாளியின் பம்பு மூடி கழன்று மருந்து அப்படியே முதுகில் கொட்டிவிட்டதாம். நளினி ரவிக்கைக்கு மேல் வீட்டுக்காரரின் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குள் தோல் போய்விட்டது.

"அன்னைக்குத்தான் நெனச்சேன். போட்டுக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆனா ஆவட்டும். கழட்டறது ஒரே இழுப்புல ஆயிடணும்," என்றார் அக்கா. பிறகு சந்தேகமாக என்னைப் பார்த்தார். "இதெல்லாமா லா பாடத்துல எழுதுவாங்க?"

"புத்தாக்கம்க்கா."

"பிச்சைக்காரி உடுப்பு மாதிரி இருக்குன்னு எங்கள வேல வாங்கற மண்டோர் சொல்றாரு. நீ வேற."

அந்தக் கட்டுரைக்கு எனக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். இயக்குநர் அதை உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எதைப் பார்த்துச் சுதாரிப்பது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை 10:15க்கு நிலையத்தின் வேன் எங்கள் வரிசைக்குள் வந்தது. இயக்குநர், விரிவுரையாளர் ஜெயந்தினி, ஒரு புகைப்படக்காரர். அக்கா மைலோ கலக்கி வைத்திருந்தார். உடுப்பு வழக்கம்போல் வீட்டுக்கு வெளியே தனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. எடுத்துக் கொடுக்கப் போனார்.

"தொடாதீங்கம்மா," என்றார் ஜெயந்தினி. அவரும் இயக்குநரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார்கள்.

"ஆமா மேடம், கையுறை போட்டுக்கறது நல்லதுதான். மருந்து பட்ட உடுப்பு," என்றார் அக்கா.

"இது எங்களுக்காக இல்லைம்மா. துணிக்காக. நம் கையில் இருக்கிற எண்ணெய்ப்பசை நூலைக் கெடுத்துவிடும்."

இரண்டு நாள் ஆவணப்படுத்திவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

"செவ்வாய்க்கெழம கெடைச்சிடும்ல சார்? புதன்கெழமலேர்ந்து எனக்கு மருந்தடிக்கிற வேல."

"அம்மா, ஆறு வருடம் நீங்கள் இதை வைத்திருந்தீர்கள். நாட்டுக்கு இரண்டு நாள் தர மாட்டீர்களா?" என்றார் இயக்குநர்.

அக்கா வெட்கப்பட்டு, தருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நான் கேட்டபோது உடுப்பு பதிவாகிவிட்டிருந்தது. சேகரிப்பு எண் 0001. நிலையம் தொடங்கி நான்கு வருடமாகிறது. அதுவரை அங்கே சேகரிப்பு என்று எதுவும் இல்லை, சேகரிப்புப் பொறுப்பாளர் மட்டும் இருந்தார். முதல் முறையாக அவருக்கு வேலை வந்திருந்தது. உடுப்பைத் திரும்பப் பெற வேண்டுமானால் அது விண்ணப்பதாரருக்குச் சொந்தமானது என்பதற்கு ஆதாரமாக, பதினோரு துண்டுகளும் வாங்கிய ரசீதுகளை இணைக்க வேண்டும் என்று ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"ஒடஞ்ச கொடைக்கு எவன் லா ரசீது வச்சிருப்பான்," என்றான் லோகேஸ்வரன். "பேசாம உடுப்பப் பாத்து எழுதுன கட்டுரைய நீ திருப்பிக் கேளு. அதையாவது குடுக்கறாங்களான்னு பாப்போம்."

புதன், வியாழன் இரண்டு நாளும் அக்கா வேலைக்குப் போகவில்லை. வியாழன் சாயங்காலம் மண்டோர் முருகையா மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"என்னா இராசாத்தி, உடுப்பு மியூசியத்துக்குப் போயிடுச்சாமே. நீயும் கூடவே போயிட்டியோன்னு பாத்தேன்."

"ரெண்டு நாள்ல தந்துடுவாங்கண்ணே."

"கான்ட்ராக்டு ஆளு மூணு நாள் வரலன்னா பேர வெட்டணும். நான் வெட்டல, ரூல் வெட்டுது. நாளைக்கு வந்துடு."

வெள்ளிக்கிழமை அக்கா இரண்டு பனியனும் மகளின் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு போனார். கோட்டுக்கை முழங்கையோடு நின்றுவிட்டது. திங்கட்கிழமை பார்த்தபோது இரண்டு முன்கையிலும் தோல் சிவந்து தடித்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்க சார்கிட்ட நானே வந்து கேக்கட்டா?" என்றார்.

மறுநாள் வகுப்புக்கு அவரை அழைத்துப் போனேன். 0001ஐப் பார்க்க முன்பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, தைத்தவர் என்ற முறையில் சிறப்பு அனுமதியாகப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். கை கழுவச் சொன்னார்கள். உடுப்பு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக்குப் போட்டு நின்றது. பதினெட்டு டிகிரி குளிர். வெளிச்சம் நூலை நலிவாக்கும் என்பதால் மங்கலான ஒரே விளக்கு. அக்கா குளிரில் நடுங்கிக்கொண்டே பெட்டியைச் சுற்றி வந்தார்.

"முடிச்சு வேற மாதிரி இருக்கே," என்றார்.

"நிலைப்படுத்தியிருக்கிறோம்," என்றார் ஜெயந்தினி.

இயக்குநர் வந்தார். அக்கா முன்கையைக் காட்டினார். இயக்குநர் கையைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்கிறேன் அம்மா. இந்தத் துணியை நீங்கள் வெயிலில் காயப்போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எவ்வளவு துன்பப்பட்டிருக்கிறது. இனி ஒரு துளி மருந்துகூட இதன்மேல் படாது. அதற்கு நான் பொறுப்பு."

"சார், இத மட்டும் குடுத்திடுங்க. வேல முடிஞ்சதும் நானே கொண்டாந்து தந்துடறேன்."

"பழையதைக் கேட்டு ஏன் உங்களைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள்? உங்களுக்குப் புதிது தருகிறோம். உங்கள் பெயரைக்கூட அதில் போடலாம் என்று இருக்கிறோம். இடம் இருந்தால்."

இப்படித்தான் கவசம்-1 வந்தது.

கவசம்-1 மூங்கில் கூழிலும் வாழை நாரிலும் நெய்தது. சந்தன நிறம். தோலை உறுத்தாது, மண்ணில் மக்கிவிடும். முன்பக்கம் முழுவதும் நிலையத்தின் சின்னம் பூவேலையாக இருந்தது. அதனால் பொத்தான்களை முதுகுப் பக்கம் வைத்திருந்தார்கள். கொட்டாங்கச்சியில் செய்த பதினான்கு பொத்தான்கள். அக்காவின் பெயருக்கு இடம் இல்லை. வகுப்பில் அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள். ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. முழுவதையும் துணி குடித்துவிட்டது. எல்லோரும் கைதட்டினோம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் வழக்கமாகக் கேள்வி கேட்பதில்லை. அன்றைக்குக் கையைத் தூக்கினேன். மாலை 8:25.

"சார், இராசாத்தி அக்கா உடுப்புல முதுகுக்குக் குடைத்துணி இருந்துச்சு. மருந்து வழிஞ்சு போயிடும். இது உறிஞ்சினா மருந்து உள்ளயே தங்கிடாதா?"

இயக்குநர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. உறிஞ்சாத துணி மனசாட்சி இல்லாத துணி. தன்மேல் விழுந்ததை அப்படியே கீழே தள்ளிவிடுகிறது. கீழே யார் இருக்கிறார்கள்? மண். மண் என்ன பாவம் செய்தது?"

மண்ணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. உட்கார்ந்துவிட்டேன். லோகேஸ்வரன் குனிந்து, "சரியாத்தானே கேட்ட, ஏன் உக்காந்த?" என்றான். நான் இயக்குநரின் பதிலைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து மேனேஜருக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துப்போனது. உடுப்புகள் இலவசமாக வரும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மருந்து ஸ்டோர் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்: அங்கீகரிக்கப்படாத உடுப்போடு இனி யாரும் மருந்தடிக்கக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட உடுப்பு கவசம்-1 ஒன்றுதான். ஆக, பெட்டியைத் திறந்து கொடுத்திருந்தாலும் அக்கா தம்முடையதைப் போட்டிருக்க முடியாது.

கள ஆய்வு ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. நேரத்தைச் சரியாக எழுதுகிறவள் என்று என்னைப் பதிவாளராகப் போட்டார்கள். அட்டையில் ஆய்வுத் தாள், கழுத்தில் கடிகாரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும். கவசம்-1ஐப் போட்டுக்கொண்டு மருந்தடிக்கப்போவது இராசாத்தி அக்கா; பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். மூன்று நிமிடம் பத்து விநாடி ஆனது.

"கழட்டறதுக்கும் நீதான் வரணும் போலருக்கு," என்றார் அக்கா. அவர் கை முதுகுக்குப் பின்னால் எட்டவில்லை.

"பக்கத்துலயேதான்க்கா இருப்பேன்."

"பாத்துக்க. நளினி முதுகு தெரியும்ல உனக்கு."

9:00 தொடக்கம். 9:10 பாதிப்பு எதுவும் இல்லை. 9:20 வியர்வை. துணி வியர்வையை நன்றாக உறிஞ்சுகிறது. 9:30 பம்பின் அடியில் கசிவு. அது எல்லாப் பம்பும் கசிகிற அளவுதான். முதுகில் சந்தன நிறம் கரும்பழுப்பாக மாறியது. அக்கா அடுத்த வரிசை மரத்துக்குப் போனார். இயக்குநர் ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார். இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர் குடைத்துணியில் தண்ணீர் நிற்காமல் வழிந்ததை நான் பார்த்தேன்.

9:40க்கு அக்கா நின்றார். "முதுகு ஒரு மாதிரி இருக்கு."

"எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், வாசுகி," என்றார் ஜெயந்தினி. "சூடு, எரிச்சல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது."

"எப்படிக்கா இருக்கு? சூடா, எரிச்சலா?"

"எரியுது லா வாசு. கழட்டு."

எரிச்சல் என்ற கட்டத்தில் குறியிட்டேன். நான் ஜெயந்தினியைப் பார்த்தேன். அவர் இயக்குநரைப் பார்த்தார்.

"10:10 வரை போனால்தான் ஆய்வு செல்லும்," என்றார் இயக்குநர் மேட்டிலிருந்து. "நான்கு வருட உழைப்பு. அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா அம்மா?"

அக்கா பம்பைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டார். அவர் வலது கை இடப்பக்க இடுப்புக்குப் போனது. அங்கே எதையோ பிடித்து இழுத்தது. மறுபடி இழுத்தது. அங்கே எதுவும் இல்லை, வெறும் துணிதான். ஆறு வருடப் பழக்கம். கை திரும்பத் திரும்ப அங்கேயே போனது.

நான் எழுதினேன்: "பங்கேற்பாளர் இடப்பக்கம் எதையோ தேடுகிறார்." அந்த வரி இன்றும் தாளில் இருக்கிறது. கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

பிறகுதான் அட்டையைக் கீழே வைத்தேன். நனைந்த துணி உப்பிப் பொத்தான் துளைகள் இறுகியிருந்தன. முதல் நான்கு கழன்றன. ஐந்தாவது கழலவில்லை. பல்லால் கடித்து அறுக்கப் பார்த்தேன், நாக்கு எரிந்தது. முருகையா ஓடிவந்து செம்பனைக் குலை வெட்டும் கத்தியால் கழுத்திலிருந்து கீழ்வரை கிழித்து, டின் தண்ணீரை முதுகில் ஊற்றினார். துணியோடு சேர்ந்து வந்தது என்ன என்பதை எழுதுவதற்குத் தாளில் கட்டம் இல்லை. 9:58, உடுப்பு அகற்றப்பட்டது.

ஆய்வுப் பொருளைக் கிழித்ததற்காக முருகையாவிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் குப்புறப் படுத்திருந்தார். நான்காவது நாள் தோட்டத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ரூல்தான்.

இரண்டு மாதம் கழித்து சுங்கைப் பட்டாணியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கவசம்-1 ஆய்வறிக்கை வெளியீடு. அக்கா வர மாட்டேன் என்றுதான் சொன்னார். "உங்கள் உடுப்பும் மேடைக்கு வருகிறது" என்று ஜெயந்தினி போனில் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். முதுகில் படாத மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாயாமல், நுனியில் உட்கார்ந்திருந்தார். மேடையின் மறுகோடியில் 0001 பெட்டி இல்லாமல் பொம்மையோடு நின்றது. அக்கா அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பேசினார். "கசிந்த மருந்தில் தொண்ணூற்றாறு விழுக்காட்டைக் கவசம்-1 உள்வாங்கிக்கொண்டது. உலகில் எந்தத் துணியும் இதைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு துளி மண்ணுக்குப் போகவில்லை. ஒரு துளி நீரோடைக்குப் போகவில்லை. எங்கே போனது என்று கேட்பீர்கள். எங்கேயும் போகவில்லை. பயனாளியிடமே இருக்கிறது. சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டது."

பலத்த கைதட்டல். தோட்டத்து மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். நாற்பது கவசம் பெற்றுக்கொள்ளப்போவதாக அறிவித்தார்.

பிறகு அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். மரியாதை செய்வதென்றால் பொன்னாடை போர்த்துவதுதானே நம் வழக்கம். சரிகை வைத்த கனத்த சிவப்புச் சால்வை. இயக்குநர் அதை விரித்து அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். புகைப்படத்துக்காக முதுகில் கைவைத்து நன்றாக அழுத்திப் பிடித்தார். புகைப்படக்காரர் கண் மூடிவிட்டதாகச் சொல்லி இன்னொருமுறை எடுத்தார். அக்கா கத்தவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "நெகிழ்ந்துவிட்டார்" என்றார் அறிவிப்பாளர்.

ஏதாவது பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"என் உடுப்பக் குடுத்திடுங்க," என்றார் அக்கா.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அக்கா மைக்கை இயக்குநர் கையில் கொடுத்துவிட்டு மேடையின் மறுகோடிக்கு நடந்தார். பொம்மையின் இடப்பக்கம் கைவைத்து, கயிற்றின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார்.

எதுவும் விழவில்லை.

இன்னொருமுறை பலமாக இழுத்தார். பொம்மையே ஆடியது. உடுப்பு அசையவில்லை. முடிச்சைச் சுற்றி, வெளியே தெரியாத மெல்லிய நூலால், வரிசை வரிசையாகத் தைத்துவைத்திருந்தார்கள்.

"பாருங்கள், எவ்வளவு உறுதி," என்றார் இயக்குநர் மைக்கில். மறுபடி கைதட்டல்.

அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சால்வையை மெதுவாக உரித்து என் மடியில் போட்டார். "அந்த உடுப்ப போட்டுருந்தாலும் இப்ப கழட்ட முடியாம செத்துருப்பேன்," என்றார். அவ்வளவுதான் பேசினார். விருந்தில் கோழி பிரியாணி போட்டார்கள். நான் சாப்பிட்டேன். பசித்தது.

வகுப்பில் எல்லோருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. லோகேஸ்வரனுக்குக்கூட வந்தது. அதை மடித்து வைத்துக் கடையில் துணி மேல் கோடு போடுகிறான். எனக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. கள ஆய்வுப் பதிவு மிகத் துல்லியமாக இருப்பதாகப் பாராட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதாம். "பங்கேற்பாளர் எரிச்சல் என்று கூறியதற்கும் பதிவாளர் உடுப்பைக் கழற்றத் தொடங்கியதற்கும் இடைப்பட்ட நேரம்." அதை நிரப்பிக் கொடுத்தால்தான் சான்றிதழ்.

காலியாக இருந்தது உண்மைதான். 9:40க்கு எழுதினேன், 9:58க்கு எழுதினேன். நடுவில் அட்டையைக் கீழே வைத்த நேரத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. பல நாள் யோசித்தேன். இரண்டு நிமிடம் என்று தோன்றும். பொய்யோ என்று தோன்றும். ஐந்து நிமிடம் என்று எழுதி அழித்தேன். கடைசியில் அக்கா வீட்டுக்கே போனேன்.

பாயில் குப்புறப் படுத்திருந்தார். மகள் முதுகில் மருந்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் துணியை நனைத்து நனைத்து எடுத்தாள். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு எரியுதுன்னு நீங்க சொன்னீங்கல்ல. அதுக்கப்புறம் நான் பொத்தான்ல கை வைக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

அக்கா முகத்தைத் திருப்பி என்னைப் பார்க்கவில்லை. கோபமாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

"நீ எழுதி முடிக்கிற வரைக்கும்," என்றார்.

அது சரியான பதில் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தில் அதை அப்படியே, நல்ல கையெழுத்தில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை மாலை 7:20க்கு நிலையத்தில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: எண்ணில் குறிப்பிடவும்.